சேதி சொல்லும், சோறு போடாது

மடிப்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு வீடு, தரைக்கடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி, அதாவது சம்ப்பு. அதில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது எட்டு வீட்டுக்கும் தெரிந்தாக வேண்டிய விஷயம். லாரிக்குப் போன் போடுவதா, இன்னும் ஒரு நாள் தள்ளலாமா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். வாட்ச்மேன் மூடியைத் தூக்கி, குச்சி விட்டுப் பார்த்து, "அரை சம்ப்பு இருக்கு சார்" என்பார். அவருடைய அரை எப்போதும் கொஞ்சம் தாராளமானது.

மூன்றாவது மாடிப் பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். இதை எல்லார் போனிலும் காட்டிவிடுகிறேன் என்று கிளம்பினான். திட்டம் எளிமையானது: தண்ணீர் புகாத அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, போனுக்குச் சேதி அனுப்ப வைஃபை உள்ள குட்டிக் கம்ப்யூட்டரான இஎஸ்பி32 போர்டு ஒன்று. மூடிக்கு அடியில் மாட்டிய சென்சார் கீழ்நோக்கி ஒலி அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமானதோ, அவ்வளவு நேரத்துக்கு ஒரு கம்பியில் 5 வோல்ட்டை நிறுத்திவைக்கும். தண்ணீர் ஒரு மீட்டர் கீழே இருந்தால் அந்தத் துடிப்பு ஏறக்குறைய 6 மில்லி செகண்டு நீளும். போர்டு அந்த நேரத்தை அளந்து தூரமாக மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சிக்கல் அந்த 5 வோல்ட்டில். இஎஸ்பி32 3.3 வோல்ட்டில் ஓடுகிற சிப். கம்பி இணைக்கிற அதன் கால்களில் 3.6 வோல்ட்டைத் தாண்டக்கூடாது என்று தயாரிப்பாளர் தரும் டேட்டாஷீட் சொல்கிறது. பையன் மாடியிறங்கி வந்தான்.

"அங்கிள், நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் போட்டா போதுங்கறாங்க. ரெசிஸ்டர் கரண்டைத்தானே குறைக்கும்? வோல்டேஜ் எப்படிக் குறையும்?"

நல்ல கேள்வி. ஓம் விதியைப் பள்ளியில் ஒப்பித்தவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்தில் கால் இடறும். பள்ளி ஆசிரியராக இருந்த கியார்க் ஓம் 1827-ல் புத்தகமாகப் போட்டது இதுதான்: ஒரு தடையின், அதாவது ரெசிஸ்டரின், வழியே மின்னோட்டம் போனால் அதன் இரு முனைகளுக்கு நடுவே மின்னழுத்தம் விழும், மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கினால் எவ்வளவு விழுகிறது என்று வரும். இரண்டு ரெசிஸ்டரை வரிசையாக 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் (பூஜ்ய வோல்ட் கம்பி) நடுவே கட்டினால் இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஆகவே 5 வோல்ட்டும் அவற்றின் மதிப்புக்கு ஏற்ற விகிதத்தில் பிரிந்து விழுந்தாக வேண்டும். நடுச்சந்தியில் ஒரு கம்பி எடுத்தால், கீழ் ரெசிஸ்டரின் பங்கு மட்டும் கிடைக்கும். கணக்கு: வரும் வோல்ட் × கீழ் ரெசிஸ்டர் ÷ இரண்டின் கூட்டல். அவ்வளவுதான் வோல்டேஜ் டிவைடர்.

கணக்குப்படி மேலே 1கே (ஆயிரம் ஓம்; ஓம் என்பது தடையின் அளவு), கீழே 2கே போட்டால் 3.33 வோல்ட். பையன் அதைத்தான் எழுதி வைத்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போனோம்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி மவுண்ட் ரோடு பக்கமாக நடந்தால் வந்துவிடும். செல்போன் கவர், சிசிடிவி கேமரா, ஸ்பீக்கர் என்று முன்வரிசைக் கடைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் சந்துக்குள் சந்து போனால் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் விற்கிற கடைகள் இன்னும் உண்டு. சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பா அடுக்கு சுவர் முழுக்க. கவுண்டரில் நிற்பவர் டப்பாவைப் பார்க்காமலே கை விடுவார்.

"2கே கால் வாட் பத்து குடுங்கண்ணே."

"2கே இல்ல தம்பி, 2.2 தரவா?"

இது அவர் சோம்பல் இல்லை. ரெசிஸ்டர்கள் எல்லா எண்ணிலும் வருவதில்லை. சாதாரணமாகக் கிடைக்கும் வரிசையில் பத்துக்கும் நூறுக்கும் நடுவே பன்னிரண்டு மதிப்புகள்தான்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. 20 என்பது இதற்கடுத்த நெருக்கமான வரிசையில்தான் வரும். அதை எல்லாக் கடையும் வைத்திருக்காது. காகிதத்தில் அழகாக வரும் விடையைக் கடைக்காரரின் டப்பா ஏற்க வேண்டுமென்று கட்டாயமில்லை. எனக்கு இந்தக் கட்டுப்பாடு பிடிக்கும். எது முக்கியம், எது இல்லை என்று அது உடனே கேட்டுவிடுகிறது.

2.2 போட்டால் 3.44 வோல்ட். 3.6-க்குள்தான் இருக்கிறது. ஆனால் யூஎஸ்பி அடாப்டர் தரும் 5 வோல்ட் உண்மையில் 4.75-லிருந்து 5.25 வரை எங்கும் இருக்கலாம். ரெசிஸ்டரில் தங்கநிறப் பட்டை இருந்தால் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்று அர்த்தம். 5.25 வந்தாலே சந்தியில் 3.61 ஆகிவிடும், ரெசிஸ்டர் துல்லியமாக இருந்தாலும்.

"அப்போ ரெண்டும் 1கே போட்டா? 2.5 வருமே, சேஃப்தானே?"

சேஃப்தான். ஆனால் போர்டுக்குக் காது கேட்க வேண்டுமே. தன் சப்ளையின் 75 சதவீதத்துக்கு மேல் வந்தால்தான் 'ஆன்' என்று எடுத்துக்கொள்வதாக இஎஸ்பி32 உத்தரவாதம் தருகிறது. 3.3-ல் அது 2.475 வோல்ட். 2.5 என்பது மயிரிழையில் தேறுகிறது. அடாப்டர் கொஞ்சம் தளர்ந்து 4.8 கொடுத்தால் 2.4, தேறாது. மேஜைமேல் பிரமாதமாக ஓடிவிட்டு, சம்ப்புக்குப் போனதும் நாளுக்கு ஒரு தினுசாக நடந்துகொள்கிற சர்க்யூட்டுகள் பலவும் இந்த மயிரிழை ரகம்தான்.

1.8கே கேட்டோம். இருந்தது. 5 வோல்ட்டுக்கு 3.21 வருகிறது. எல்லாமே நமக்கு எதிராகப் போனால், அதாவது அடாப்டர் 5.25 தந்து, மேல் ரெசிஸ்டர் 5 சதவீதம் குறைந்து, கீழது 5 சதவீதம் கூடினாலும் 3.49தான். எதிர்த் திசையில் எல்லாம் கெட்டால் 2.94. இரண்டு பக்கமும் வேலிக்குள். பையன் இதைக் கடைக் கவுண்டரிலேயே போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தான். பின்னால் நின்றவர் ஒரு ரிமோட்டுக்கு ஐஆர் எல்இடி வாங்க வந்தவர். அவரும் எட்டிப் பார்த்தார்.

1கே என்றால் பழுப்பு, கருப்பு, சிவப்பு. 1.8கே என்றால் பழுப்பு, சாம்பல், சிவப்பு. சாம்பலும் ஊதாவும், சிவப்பும் ஆரஞ்சும் கடை டியூப்லைட்டில் ஒன்றுபோலத் தெரியும். 1.8கே-வுக்கும் 18கே-வுக்கும் வித்தியாசம் அந்த மூன்றாவது பட்டை சிவப்பா ஆரஞ்சா என்பது மட்டும்தான். மல்டிமீட்டர் இருக்கும்போது கண்ணை நம்பத் தேவையில்லை. ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்துவிட்டுப் பற்றவைப்பது நல்லது.

விகிதம்தான் கணக்கு என்றால், ஏன் 1கே, 1.8கே? 1 ஓம், 1.8 ஓம் போட்டாலும் 3.21தானே வரும்? வரும், காகிதத்தில். ஆனால் 2.8 ஓம் மொத்தத் தடையில் 1.8 ஆம்பியர் ஓடும், 9 வாட் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் புகையாகிவிடும். அதற்கு முன்னாலேயே சென்சாரின் சின்னக் கால் அந்த மின்னோட்டத்தைத் தர முடியாமல் படுத்துவிடும். 1கே, 1.8கே போட்டால் ஓடுவது 1.8 மில்லி ஆம்பியர், சூடு 9 மில்லி வாட். தொட்டாலும் தெரியாது.

சரி, மெகா ஓம் பக்கம் போனால் இன்னும் மிச்சம்தானே? இங்கேதான் சென்னை குறுக்கே வரும். சம்ப்பு மூடிக்குக் கீழே எந்நேரமும் ஈரம். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. அழுக்கும் ஈரமும் படிந்த சர்க்யூட் போர்டின் மேற்பரப்பே ஒரு ரெசிஸ்டராக மாறிவிடும், அதுவும் மெகா ஓம் கணக்கில். 1.8 மெகா ஓமுக்குப் பக்கத்தில் இன்னொரு சில மெகா ஓம் அழையாமல் வந்து உட்கார்ந்தால் விகிதம் போச்சு. 1.8கே-வுக்குப் பக்கத்தில் அதே அழுக்கு உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது. போதாததற்கு, அளக்கப் போகிற மீட்டரே குழப்பும். டிஜிட்டல் மல்டிமீட்டர் பெரும்பாலும் 10 மெகா ஓம் தடை கொண்டது. அதை வைத்ததும் 1 மெகா, 1.8 மெகா சந்தி 3.21-லிருந்து 3.02-க்கு இறங்கிவிடும். முள் ஆடுகிற பழைய அனலாக் மீட்டர், வோல்ட்டுக்கு 20,000 ஓம் ரகம், 10 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் 0.76 வோல்ட் காட்டும்! மீட்டர் பொய் சொல்லவில்லை. அது தொட்டதால் அங்கே உண்மையாகவே 0.76தான் இருக்கிறது.

கட்டுவது பெரிய வேலை இல்லை. சென்சாரில் அந்த 5 வோல்ட் துடிப்பு வரும் எக்கோ காலிலிருந்து 1கே. அதன் மறுமுனை போர்டின் காலுக்கு. அதே சந்தியிலிருந்து 1.8கே கிரவுண்டுக்கு. சென்சார் கிரவுண்டும் போர்டு கிரவுண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த வோல்ட்டுக்கும் அர்த்தம் கிடையாது. இரண்டு ரெசிஸ்டரையும் இடம் மாற்றிப் போட்டால் 1.79 வோல்ட்தான் வரும். எதுவும் எரியாது, ஆனால் போர்டுக்குக் கேட்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கவனிக்க வேண்டியது கிரவுண்டுக்குப் போகும் 1.8கே-வின் கால்தான். பற்றவைக்காமல் செருகிப் பார்க்கிற பிரெட்போர்டில் அது கழன்றால் பங்கு பிரிக்க ஆளில்லாமல் முழு 5 வோல்ட்டும் 1கே வழியே போர்டுக்குப் போகப் பார்க்கும். அந்த 1கே இருப்பதால் ஓடுவது ஒன்றிரண்டு மில்லி ஆம்பியரைத் தாண்டாது என்பது ஒரு ஆறுதல், அவ்வளவே. ஈரத்துக்குப் பக்கத்தில் வைப்பதைப் பற்றவைத்துத்தான் வைக்க வேண்டும். மறுபக்கம் போர்டிலிருந்து, ஒலி அனுப்பச் சொல்லும் சென்சாரின் டிரிகர் காலுக்குப் போகும் 3.3 வோல்ட்டைச் சென்சார் பொதுவாக ஏற்றுக்கொள்ளும். அங்கே ஒன்றும் வேண்டாம்.

இது ஓடத் தொடங்கியதும் கீழ் வீட்டு சார் வந்தார். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றியபோது பழையதைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்.

"ஏன் தம்பி, 5-ஐ 3-ஆக்க ரெண்டு ரெசிஸ்டர் போதும்னா, என் பேட்டரி 12-ஐ 5-ஆக்கவும் ரெண்டு போதும்தானே? கரண்ட் போனா செல்போன் சார்ஜ் போட்டுக்கலாம். வர்தா புயல்ல பட்டது போதும்."

2016 டிசம்பரில் வர்தா அடித்தபோது இந்தப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் இருட்டு; அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விடைதான் அவருக்குச் சாதகமாக இல்லை. இந்த ஒரு கேள்வியில்தான் டிவைடரின் மொத்தச் சுபாவமும் இருப்பதாக நான் நினைக்கிறேன். இந்த ரெசிஸ்டர் ஜோடி சேதி சொல்லும், சோறு போடாது.

மே மாத ராத்திரி தெருவில் எல்லா ஏசியும் ஓடும்போது லோ வோல்டேஜ் வருவது சென்னையில் யாருக்கும் புதிதில்லை. சம்ப்பு மோட்டார் போட்ட நொடியில் பழைய வீட்டு பல்பு ஒரு கணம் மங்கி எழும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வீடு வரை வரும் கம்பிக்கும் கொஞ்சம் தடை உண்டு. மோட்டார் கிளம்பும்போது ஓடும் நிறைய மின்னோட்டம் அந்தத் தடையில் வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. கம்பியின் தடை ஓமில் ஒரு துளி என்பதால் மங்கலோடு போகிறது. டிவைடர் என்பது அந்த மாதிரி மோசமான வயரிங்கை நாமே காசு கொடுத்துக் கட்டுவது.

12-ஐ 5-ஆக்க 1.4கே-வும் 1கே-வும் என்று வைத்துக்கொள்வோம். எதையும் மாட்டாதவரை சந்தியில் அழகாக 5 வோல்ட். இரண்டாம் வருஷப் பரீட்சையில் வருகிற தெவனின் தியரம் இங்கேதான் உயிரோடு இருக்கிறது. லியோன் தெவனின் பிரெஞ்சு தந்தித் துறைப் பொறியாளர். 1883-ல் அவர் சொன்னபடி, இந்தச் சந்தியை வெளியிலிருந்து பார்த்தால் 5 வோல்ட் பேட்டரியும் அதோடு வரிசையாக ஒரு ரெசிஸ்டரும் போலத்தான் தெரியும். அந்த ரெசிஸ்டர் இங்கே 583 ஓம். செல்போன் கேட்பது ஒரு ஆம்பியர் அல்லது அதற்கு மேல். இந்தச் சந்தியை நேராக ஷார்ட் செய்தாலே 9 மில்லி ஆம்பியருக்குள்தான் வரும். போனை மாட்டியதும் 5 வோல்ட் இருந்த இடத்தில் ஒன்றும் இருக்காது.

அவர் விடவில்லை. "சின்ன ரெசிஸ்டர் போடேன்."

போட்டுப் பார்ப்போம், காகிதத்தில். அரை ஆம்பியர் மட்டும் எடுக்கிறோம். கால் வோல்ட்டுக்கு மேல் இறங்கக்கூடாது. அப்படியென்றால் தெவனின் தடை அரை ஓம் இருக்க வேண்டும். மேலே 1.2 ஓம், கீழே 0.86 ஓம் என்று வருகிறது. போன் மாட்டாமலே அந்த ஜோடியில் 5.8 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். 70 வாட். ஒரு பழைய சீலிங் ஃபேன் இழுக்கிற அளவு. இவ்வளவையும் சூடாக்கி, போனுக்குக் கொடுப்பது இரண்டரை வாட். அவர் பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் சூடாகவே போய்விடும்; ரெசிஸ்டரில் தோசை வேண்டுமானால் சுடலாம்.

அப்போதுதான் அவர் சரியான இடத்தில் அடித்தார். "அந்தக் காலத்து ஃபேன் ரெகுலேட்டர் அப்படித்தானே ஓடுச்சு? சுவத்துல பெரிய கருப்பு டப்பா?"

உண்மை. அந்த டப்பாவுக்குள் இருந்தது சுற்றிய கம்பி ரெசிஸ்டர்தான், நடுநடுவே கால் எடுத்து. ஃபேனோடு வரிசையாக நிற்கும்; வேகத்தைக் குறைத்தால் ஃபேன் இழக்கும் வோல்ட்டை அது வாங்கிக்கொண்டு சூடாகும். கை வைத்தால் வெதுவெதுவென்று இருக்கும். அது ஓடியதற்குக் காரணம், ஃபேன் இன்று ஒரு மாதிரி நாளை ஒரு மாதிரி மின்னோட்டம் கேட்பதில்லை. எல்இடிக்கு முன்னால் போடும் 330 ஓமும் இதே நியாயத்தில்தான் நிற்கிறது. சுமை மாறாதவரை வரிசை ரெசிஸ்டர் மரியாதையாக வேலை செய்யும், சூட்டைப் பற்றிக் கவலை இல்லையென்றால். செல்போன் அப்படி இல்லை. திரை எரிந்தால் ஒன்று, அணைந்தால் ஒன்று, பேட்டரி நிரம்ப நிரம்ப இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அப்புறம், ஃபேன் ரெகுலேட்டரைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 230 வோல்ட்டில் இரண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைத்து எதையும் ஓட்டப் பார்க்காதீர்கள். சந்தியில் மீட்டர் 5 வோல்ட் காட்டினாலும் அந்தக் கம்பி ஈபி லைனோடு நேரடித் தொடர்பில்தான் இருக்கிறது. பிளக் திரும்பி மாட்டினாலோ ஒரு கால் கழன்றாலோ தொடுகிறவர் கதி அதோகதி.

கீழ் வீட்டுப் பேட்டரிக்கு டிவைடர் உதவுகிற இடம் வேறு: அதில் எவ்வளவு மிச்சம் என்று சொல்வதற்கு. லெட் ஆசிட் பேட்டரி நிரம்பி ஓய்வில் இருக்கும்போது 12.7 வோல்ட் அளவில் நிற்கும். சார்ஜ் ஏறும்போது 14.4-க்குப் போகும். 16 வோல்ட் வரை தாங்கட்டும் என்று வைத்து, இஎஸ்பி32-இல் வோல்ட்டை அளக்கும் கால் ஒழுங்காகப் படிக்கிற 2.45 வோல்ட்டுக்குள் அடக்க வேண்டும். மேலே 56கே, கீழே 10கே. 16 வந்தால் 2.42. இரண்டுமே கடை டப்பாவில் இருக்கிற மதிப்புகள். எப்போதும் ஓடும் மின்னோட்டம் 0.19 மில்லி ஆம்பியர். 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது கொசுக்கடிகூட இல்லை. கீழ் ரெசிஸ்டரோடு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று சேர்த்தால் அளவு ஆடாமல் நிற்கும். பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே சின்ன ஃபியூஸ் ஒன்று கட்டாயம். பழைய பேட்டரிதானே என்று விடக்கூடாது, ஷார்ட் ஆனால் வயர் பழுத்துவிடும்.

சார்ஜ் போட? 7805 ரெகுலேட்டர் போட்டால் 5 வோல்ட் நிற்கும், ஆனால் மிச்ச 7 வோல்ட்டும் சூடாகத்தான் போகும்; அரை ஆம்பியருக்கு மூன்றரை வாட், ஹீட் சிங்க் இல்லாமல் முடியாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் தொங்கும், வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் மாட்யூல்தான் அவருக்கு ஏற்றது. நொடிக்கு ஒன்றரை லட்சம் தடவை சுவிட்ச் போட்டு அணைத்து, காயிலில் சக்தியைச் சேர்த்து வைத்துக் கொடுக்கிறது, வீண் குறைவு.

அந்த மாட்யூலைப் பையன் கையில் கொடுத்து, இதில் நம்ம ஜோடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடி என்றேன். நீல நிற டிரிம்பாட்டையும் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) பக்கத்தில் எறும்பு சைஸில் இருந்த ரெசிஸ்டரையும் தொட்டான். சரிதான். வெளியே போகும் வோல்ட்டை அவை இரண்டும் பங்கு போட்டுச் சிப்புக்குக் காட்டுகின்றன. அந்தப் பங்கு 1.23 வோல்ட்டாக நிற்கிற மாதிரி சிப் தன் வேலையைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. 5 வோல்ட் வேண்டுமென்றால் மேல், கீழ் விகிதம் 3.07-க்கு வர வேண்டும். போனுக்குச் சக்தி போவது சிப் வழியே, காயில் வழியே. ரெசிஸ்டர்கள் பார்த்துச் சொல்வதோடு சரி.

டிரிம்பாட் தலையில் இருக்கும் பித்தளைத் திருகைப் பல சுற்று சுற்ற வேண்டியிருக்கும். கடையிலிருந்து வரும்போது அது எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் பேட்டரியைக் கொடுத்து, வெளியே மீட்டர் வைத்து, 5.0 வரும்வரை திருப்பிய பிறகுதான் அவருடைய போனை மாட்டச் சொல்லியிருக்கிறேன்.